புதுவெள்ளமும் ஏறுமீனும்

பொன்முடி மலையடிவாரத்தில் பாயும் கல்லாறு, உருண்டு தேய்ந்த பாறைகளினூடே இறங்கி வாமனபுரம் ஆற்றுக்கு நீர் அளிக்கின்றது. அப்பாறைகள் நீரின் வேகத்தைத் தணித்து, படிப்படியாகச் சிறு மடுக்களை அமைத்துள்ளன. மீன் ஒரு மடுவில் இளைப்பாறி அடுத்ததற்கு ஏறுகின்றது. இடவப்பாதி மழையின் புதுவெள்ளத்தில் முட்டையிட எதிர்நீச்சலிட்டு வரும் மீன்கூட்டத்தை மலையாளத்தார் ‘ஊத்த’ என்பர்.

இவ்வழியை மனிதன் அடைத்த வரலாறு நீண்டது. 1836ஆம் ஆண்டையொட்டி, ஆர்தர் காட்டனின் திட்டப்படி கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும் எழுந்தன. தஞ்சை வயல்கள் செழித்தன. கடலிலிருந்து ஆறேறும் உல்லம் மீனுக்கோ அவை மதிலாயின. கல்கத்தாவில் வாழும் நம்மவர் ‘இலிஷ்’ என்று அறிந்த மீன் இதுவே. இத்தகைய அணைகளால் மீன்வளம் குன்றுவதை 1873இல் பிரான்சிஸ் டே தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின், அதனால் மீன்வளத்துக்கு நேர்ந்ததை சுந்தரராஜ் 1941இல் ஆராய்ந்து எழுதினார். 1975இல் இயங்கத் தொடங்கிய பரக்கா அணை, கங்கையிலும் இலிஷின் மேற்பயணத்தைத் தடுத்தது.

மேனாட்டார் அணைகளில் அமைத்த மீன்படிகள் பெரும்பாலும் துள்ளியேறும் சால்மன் மீனை எண்ணி வகுக்கப்பட்டவை. நம் ஓடைகளின் விரலளவு மீன்களுக்கும், அடித்தரையை ஒட்டி ஊரும் அயிரைக்கும் இரண்டடிச் சுவரே கோட்டையாகும். ஆதலின், தடுப்பின் கீழ்ப்புறம் கற்களைச் சாய்வாகப் பரப்பி, இடையிடையே மடுக்கள் விடும் முறை பல நாடுகளில் பரவியுள்ளது. இருபதடி நீளத்துக்கு ஓரடிக்கு மிகாமல் சாய்வு இருத்தல் நலம். கல்லிடுக்குகளில் நீர் மெல்ல ஓடும். சிறுமீனும் அதன்வழி ஏறும். இதனை உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2002இல் வெளியிட்ட நூலும் விளக்குகின்றது.

நெடுமங்காட்டுப் பகுதியில் பிறந்து, திருவனந்தபுர நகரினூடே ஓடிக் கரமனையாற்றில் சேரும் கிள்ளியாற்றை, 2018இல் மக்கள் திரண்டு துப்புரவு செய்தனர். குப்பை நீங்கினால் நீர் தெளியும். ஆயினும் வழி திறந்தாலன்றி மீன் மீளாது. நாம் குடியேறிய ஊர்களிலெல்லாம் இத்தகைய ஓடை ஒன்றேனும் உண்டு. அதன் குறுக்கே சுவர் எழும்போது, ஏறிவரும் உயிருக்குச் சிறுவழி விட்டனரா என்று கேட்பது நம் கடமையன்றோ? வழி அடைபட்டால், அந்த ஆண்டின் மீன் மட்டுமன்று, அதன் வழித்தோன்றல்களும் இல்லாமற் போகும்.