அகழிப் போரில் உடல் தூய்மை: சொல்வழி ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

முதல் உலகப் போரின் (1914–1918) மேற்கு முனையில், பெல்ஜியக் கடற்கரை முதல் சுவிட்சர்லாந்து எல்லை வரை நீண்ட அகழிகளில் படைவீரர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். அவர்தம் கடிதங்களையும் நினைவுக் குறிப்புகளையும் மொழிபெயர்ப்போர், போர்க்கருவிகளின் பெயர்களில் மட்டுமன்றிக் குளியல், வெளுப்பு, பேன் ஆகியன பற்றிய சொற்களிலும் கருத்துச் செலுத்த வேண்டியுள்ளது. இக்கட்டுரை பிரிட்டானியப் படையை முதன்மைச் சான்றாகக் கொண்டு அச்சொற்களை ஆராய்கிறது.

2. நீரும் குளியலும்

அகழியில் எங்கும் நீர் தேங்கியிருந்தும், பயன்படுத்தத் தக்க நீர் அரிதாகவே இருந்தது. பெட்ரோல் தகரங்களில் சுமந்து வரப்பட்டு, வெளுப்புத்தூள் இட்டுத் தூய்மை செய்யப்பட்ட நீர் குடிப்பதற்கே போதவில்லை. ஆயினும் முகம் மழித்தல் கடமையாதலின், எஞ்சிய தேநீரைக் கொண்டு மழித்துக்கொண்டோரும் உண்டு. முழுக்குளியல் பின்வரிசைக்கு மாற்றப்பட்ட பின்னரே கிட்டியது. பீர் வடிப்பாலைகளின் பெருந்தொட்டிகளில் வெந்நீர் நிரப்பிப் பலரை ஒருசேர இறக்கினர். அழுக்குச் சட்டைகளைப் பெற்றுக்கொண்டு வெளுத்த சட்டைகளை வழங்கினர். வெளுக்கவும் பழுது தைக்கவும் உள்ளூர்ப் பெண்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர்.

ஈரமும் குளிரும் காலைத் தாக்கின. 1914–15 குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டானியப் படையில் ஏறத்தாழ 20,000 பேர் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். நாள்தோறும் காலுறை மாற்றுதல், திமிங்கில எண்ணெய் தேய்த்தல், அதிகாரிகள் பாதங்களைப் பார்வையிடுதல் ஆகியன விதிகளாயின. இதனைச் 'சேற்றுப்புண்' என மொழிபெயர்ப்பது பொருந்தாது. சேற்றுப்புண் விரலிடுக்கில் தோன்றும் பூஞ்சைத் தொற்று. இதுவோ நரம்பும் குருதிக்குழாயும் நலிந்து, தசை அழுகிப் பாதத்தையே துண்டிக்க நேரும் நிலை. 'அகழிப் பாதம்' என்பதே தக்க பெயராகும்.

3. பேனும் சீலைப்பேனும்

குளித்தும் வீரர் பேனினின்று விடுபடவில்லை. ஆங்கிலத்தில் பொதுச்சொல்லால் சுட்டப்படும் இப்பேன் தலைமயிரில் வாழ்வதன்று. ஆடையின் தையல் மூட்டுகளில் தங்கி முட்டையிட்டு, குருதி உண்ண மட்டும் உடலை நாடுவது. வெளுத்த சட்டையின் மூட்டுகளில் எஞ்சிய ஈர்கள் உடற்சூட்டில் பொரித்தன. ஆகவே சட்டையைக் கழற்றி மூட்டுகளின்மேல் மெழுகுவத்திச் சுடரை ஓட்டுவதும், நகத்தால் நசுக்குவதும் அன்றாடப் பணிகளாயின. இவ்வுயிரியைத் தமிழ் 'சீலைப்பேன்' எனத் தனித்துப் பெயரிட்டுள்ளது. அதன் வாழிடத்தை அச்சொல்லே உணர்த்துகிறது. 'பேன்' என்று மட்டும் எழுதினால், வீரன் தலையை விடுத்துச் சட்டையை ஆராய்வதன் காரணம் வாசகனுக்கு விளங்காது.

4. நோய்ப்பெயர்கள்

சீலைப்பேன் வழிப் பரவும் டைஃபஸ் காய்ச்சல் 1914–15இல் செர்பியாவில் ஏறத்தாழ 1,50,000 உயிர்களைக் கவர்ந்தது. பேனே இதனைப் பரப்புகிறது என்பதைச் சார்லஸ் நிக்கோல் 1909இல் துனிசில் மெய்ப்பித்திருந்தார். டைஃபாய்டோ மாசுற்ற நீராலும் உணவாலும் பரவுவது. பெயரொப்புமை மயக்கத்தால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதின், பேனொழிப்பு முயற்சி முழுவதும் பொருளிழந்துபோம். மேற்கு முனையில் பரவியது 1915இல் முதலில் விவரிக்கப்பட்ட 'அகழிக் காய்ச்சல்' ஆகும். இதற்கும் பேனே காரணம் என்பது 1918இல் உறுதியாயிற்று. 1916இல் சோம் போர்க்களத்திலிருந்து இந்நோயால் தாயகம் அனுப்பப்பட்டோருள் ஒருவர், பின்னர் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிப் பணியில் ஈடுபட்ட மொழிநூலறிஞர் டோல்கீன்.

5. குழூஉக்குறி

நன்னூலார் தகுதி வழக்கின் ஒரு வகையாகக் கூறும் குழூஉக்குறி இங்குப் பெருவழக்காக உள்ளது. பிரெஞ்சு வீரர் பேனைத் 'தோத்தோ' என்றனர். ஜெர்மானியர் பேனொழிப்பு நிலையத்தை, மாளிகைக் கல்லறையைக் குறிக்கும் சொல்லோடு பேனைக் குறிக்கும் சொல்லை இணைத்து 'லவுசோலேயும்' என எள்ளினர். ஆங்கிலேயர் வழங்கிய 'கூட்டி', பேனைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகிய 'குத்து' என்பதன் திரிபு எனக் கருதப்படுகிறது. மற்றொரு சொல் 'சாட்'. வீரர் கூடியமர்ந்து பேன் எடுக்கையில் பேசியமையால் உரையாடலுக்கு அப்பெயர் வந்தது என்பர். இது பொருந்தாது. பேச்சைக் குறிக்கும் சொல் இடைக்கால ஆங்கிலத்திலேயே வழங்கியது. பேனைக் குறிக்கும் சொல் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கள்வர் குழூஉக்குறி அகராதியிலேயே இடம்பெற்றுவிட்டது. எனவே போர் அச்சொல்லைப் பரப்பியதேயன்றிப் படைக்கவில்லை.

6. முடிவுரை

பேன் பிடித்தவன் தூய்மையற்றவன் என்னும் எண்ணம் வீரரை நாணச் செய்தது. குளித்து, மழித்து, ஆடை மாற்றியும் அவர்கள் பேனுக்கு இரையானமைக்குக் காரணம், நெருக்கமாக வாழ்ந்தமையும் ஆடை மூட்டுகளில் ஈர் எஞ்சியமையுமே ஆகும். சீலைப்பேன், அகழிப் பாதம், டைஃபஸ் ஆகிய சொற்களைப் பொருள் பிறழாது ஆளும் மொழிபெயர்ப்பே இவ்வுண்மையைப் புலப்படுத்தும். பொதுச்சொல்லால் அமையும் மொழிபெயர்ப்பு, சூழலின் குறையை வீரன்மேல் ஏற்றிவிடும்.