ஐஸ்லாந்தை விட்டுப்போன 15,000 பேர்... 150 வருஷம் கழிச்சு வேரைத் தேடும் பேரப்பிள்ளைகள்! எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், வின்னிபெக் ஏரிக்கரையில் கிம்லி என்று ஒரு சின்ன ஊர். ஒவ்வொரு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திலும் அந்த ஊர் முழுக்க ஐஸ்லாந்து கொடி பறக்கும். தேசிய உடையில் ஒரு பெண் 'மலை அன்னை'யாக மேடை ஏறுவார். உலர்ந்த பிளம் பழம் வைத்து அடுக்கடுக்காகச் செய்யும் 'வீனார்டெர்டா' கேக் வீட்டுக்கு வீடு இருக்கும்.

ஆனால் அங்கே கூடுகிறவர்களில் பெரும்பாலானோர் பேசுவது ஆங்கிலம்தான். கொள்ளுத் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால், "ஐஸ்லாந்து" என்பதற்கு மேல் பலருக்கும் தெரியாது. அந்த ஒரு பதிலைத் தேடித்தான் வருஷா வருஷம் பலர் ஐஸ்லாந்துக்கு விமானம் ஏறுகிறார்கள். இதன் பின்னணி என்ன? வாங்க பார்க்கலாம்.

ஏன் கிளம்பினாங்க?

1870 முதல் 1914 வரை சுமார் 15,000 பேர் ஐஸ்லாந்தை விட்டு வட அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். கேட்க சின்ன எண்ணிக்கைதான். ஆனால் 1870களில் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே 70,000 சொச்சம். ஐந்தில் ஒரு பங்கு கிளம்பியதற்குச் சமம்! போனவர்களை அங்கே 'வெஸ்டுர்ஃபரார்' என்கிறார்கள். 'மேற்கே போனவர்கள்' என்று அர்த்தம்.

காரணம் ஒன்றல்ல. அன்று ஐஸ்லாந்து டென்மார்க் ஆட்சியில் இருந்தது. சொந்த நிலம் இல்லாதவர்கள் ஏதாவது ஒரு பண்ணையில் ஆண்டு ஒப்பந்தத்தில் வேலைக்கு இருந்தே ஆகணும் என்று சட்டம். தனிக்குடித்தனம், கல்யாணம் எல்லாம் பலருக்கு எட்டாக்கனி. இதற்கு நடுவே கடும் குளிர், கரையை அடைக்கும் கடல் பனி, தீவனம் இல்லாமல் சாகும் ஆடுகள்.

1875 மார்ச் மாதம் அஸ்க்யா எரிமலை வெடித்தது. கிழக்கு ஐஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்கள் சாம்பலில் மூடின. அந்தச் சாம்பல் கடல் தாண்டி ஸ்காண்டிநேவியா வரை போய் விழுந்தது. அங்கிருந்த பல குடும்பங்களுக்கு வேற வழியே இல்லாமல் போனது.

எங்கே போனாங்க?

முதலில் போனவர்கள் 1855ல் அமெரிக்காவின் யூட்டா பகுதிக்குப் போன சிறு குழுவினர். மார்மன் மதத்தில் சேர்ந்த அவர்கள் ஸ்பேனிஷ் ஃபோர்க் என்ற ஊரில் குடியேறினார்கள். 1860, 70களில் சிலர் பிரேசிலுக்கும் போனார்கள். ஆனால் பெரிய அலை போனது கனடாவுக்குத்தான். ஸ்காட்லாந்து துறைமுகம் வந்து, அங்கிருந்து வேறு கப்பல் மாறி, கியூபெக்கில் இறங்குவது வழக்கமான பாதை.

1874ல் வந்த ஒரு குழு முதலில் ஒன்டாரியோவின் கின்மவுண்டில் தங்கியது. அங்கே சரிப்பட்டு வரவில்லை. அடுத்த ஆண்டு தட்டைப் படகுகளில் ஏறி, 1875 அக்டோபர் 21 அன்று வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில் இறங்கினார்கள். குளிர்காலம் வாசலில் நிற்கிற நேரம். அந்தக் குடியேற்றத்துக்கு 'நியா ஈஸ்லாண்ட்', அதாவது 'புதிய ஐஸ்லாந்து' என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு கிம்லி. நார்ஸ் புராணத்தில், உலகம் அழிந்த பிறகு நல்லவர்கள் வாழும் இடத்தின் பெயர் அது.

பெயர் நல்லா இருந்தது... வாழ்க்கை?

1876ல் மேலும் சுமார் 1,200 பேர் வந்து சேர்ந்தார்கள். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பெரியம்மை பரவியது. குடியேறிகளில் சுமார் 100 பேர் இறந்தார்கள். பலரும் குழந்தைகள். மாதக்கணக்கில் அந்தப் பகுதிக்குச் சீல் வைக்கப்பட்டது.

இந்தக் கதையில் பெரும்பாலும் சொல்லப்படாத இன்னொரு பக்கம் உண்டு. 'ஆளில்லாத இடம்' என்று சொல்லப்பட்ட அந்த நிலத்தில் ஏற்கனவே பூர்வகுடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சாண்டி பார் என்ற அவர்களின் குடியிருப்பைப் பெரியம்மை கிட்டத்தட்ட துடைத்தெடுத்தது. ஜான் ராம்சே என்ற பூர்வகுடி மனிதர் தன் மனைவி பெட்சியை அந்த நோயில் இழந்தார். குடியேறிகளுக்கு உதவியவராக நினைவுகூரப்படுபவர் இவர். மனைவிக்கு அவர் வாங்கி வைத்த பளிங்கு நினைவுக்கல்தான் அந்தக் குடியிருப்புக்கு இன்றும் சாட்சி. வேரைத் தேடி வரும் ஐஸ்லாந்து வம்சாவளியினர் இந்தப் பக்கத்தையும் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

தேடுவதில் என்ன சிக்கல்?

பெரிய சிக்கலே பெயர்தான். ஐஸ்லாந்தில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு 'சன்' சேர்த்தால் மகன், 'டோட்டிர்' சேர்த்தால் மகள். நம்ம ஊர் இனிஷியல் மாதிரி, தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

உதாரணமாக, ஜோன் என்பவரின் மகன் ஐனார், 'ஐனார் ஜோன்சன்'. ஐனாரின் மகள் குட்ரூன், 'குட்ரூன் ஐனார்ஸ்டோட்டிர்'. கல்யாணம் ஆனாலும் அவர் பெயர் மாறாது.

கனடாவில் இறங்கியதும் கணக்கே மாறியது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர் வேண்டும் என்ற வழக்கம். ஐனார் ஜோன்சனின் பேரப்பிள்ளைகள் எல்லோரும் 'ஜான்சன்' ஆனார்கள். பெண்கள் கணவர் பெயருக்கு மாறினார்கள். சிலர் சொந்தப் பண்ணை அல்லது ஊரின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஐஸ்லாந்து மொழிக்கே உரிய சில எழுத்துகள் ஆங்கிலத்தில் இல்லாததால் எழுத்தும் மாறியது.

எதிர்த்திசையில் போனவரும் உண்டு. 1879ல் மனிடோபாவில் பிறந்த புகழ்பெற்ற ஆர்க்டிக் ஆய்வாளரின் பெயர் வில்லியம் ஸ்டீபன்சன். கல்லூரிக் காலத்தில் அதை வில்யால்முர் ஸ்டெஃபான்சன் என்று ஐஸ்லாந்து முறைக்கு மாற்றிக்கொண்டார்.

அப்புறம் எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

இங்கேதான் ஐஸ்லாந்தின் பலம். எழுதி வைப்பதில் அவர்கள் கில்லாடிகள். முதல் குடியேற்றத்தைப் பதிவு செய்யும் இடைக்கால நூலான 'லாண்ட்நாமபோக்'கில் 3,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. 1703ல் நாட்டில் இருந்த சுமார் 50,000 பேரையும் பெயர், வயதோடு கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு 2013ல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலில் இடம்பிடித்தது.

தேடுபவர்கள் பொதுவாகப் போகும் வழி இதுதான்:

1. வீட்டிலிருந்து தொடக்கம்: பழைய பைபிள், கடிதம், போட்டோவின் பின்பக்கம், கல்லறைக் கல். முக்கியமாகத் தேட வேண்டியது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பண்ணையின் பெயர்.

2. கனடா, அமெரிக்க ஆவணங்கள்: கப்பல் பயணிகள் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சர்ச் பதிவு. பெயர் எந்தத் தலைமுறையில் மாறியது என்பது இங்கே பிடிபடும்.

3. பழைய பத்திரிகைகள்: வின்னிபெக்கில் 1886ல் 'ஹெய்ம்ஸ்கிரிங்லா', 1888ல் 'லோக்பெர்க்' என்று ஐஸ்லாந்து மொழியிலேயே பத்திரிகைகள் வந்தன. 1959ல் இரண்டும் ஒன்றாயின. அதில் வந்த இரங்கல் செய்திகள் பலவற்றில் பிறந்த ஊர், பெற்றோர் பெயர் எல்லாம் இருக்கும். ஐஸ்லாந்து தேசிய நூலகத்தின் 'டீமரிட்' இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

4. 'வெஸ்டுர்ஃபராஸ்க்ரா': 1870 முதல் 1914 வரை கிளம்பியவர்களின் பட்டியல். யூனியுஸ் கிறிஸ்டின்சன் தொகுத்து 1983ல் நூலாக வந்தது. சுமார் 14,000 பேரின் விவரம் இதில் உண்டு.

5. ஐஸ்லாந்து சர்ச் பதிவுகள்: ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு மட்டுமல்ல, ஊரை விட்டுப் போனவர்களையும் பாதிரியார்கள் குறித்து வைத்தார்கள். 'அமெரிக்காவுக்கு' என்ற ஒற்றைச் சொல்தான் பல குடும்பங்களுக்குத் தொலைந்த கண்ணி.

ஒரு எச்சரிக்கை: ஒரே பெயரில் நாடு முழுக்கப் பல பண்ணைகள் உண்டு. பண்ணை பெயரோடு சர்ச் வட்டாரத்தின் பெயரையும் சரிபார்க்காவிட்டால் அடுத்தவர் தாத்தாவை நம்ம தாத்தா ஆக்கிவிடும் ஆபத்து இருக்கு!

ஒரே கிளிக்கில் தெரியாதா?

தெரியும், ஆனா எல்லோருக்கும் இல்லை. மரபணு ஆய்வு நிறுவனமான டீகோட் ஜெனடிக்ஸும் மென்பொருள் நிபுணர் ஃப்ரித்ரிக் ஸ்கூலாசனும் சேர்ந்து உருவாக்கிய 'ஈஸ்லெண்டிங்காபோக்' என்ற தரவுத்தளம் 2003ல் இணையத்துக்கு வந்தது. இருவர் எத்தனை தலைமுறைக்கு முன் ஒரே தாத்தாவில் சந்திக்கிறார்கள் என்று சட்டென்று காட்டும். 2013ல் இதை வைத்து மாணவர்கள் ஒரு ஆப் செய்தார்கள். இரண்டு போனை லேசாக முட்டினால், எதிரில் இருப்பவர் சொந்தக்காரரா என்று தெரிந்துவிடும். டேட்டிங் போகும் முன் பார்த்துக்கொள்ளலாம் என்று உலகமே பேசியது.

ஆனால் உள்ளே நுழைய ஐஸ்லாந்து அரசின் அடையாள எண் வேண்டும். கனடாவில் பிறந்த கொள்ளுப்பேரனுக்கு அது இருக்காது. அங்கிருக்கும் சொந்தக்காரரிடமோ ஆய்வாளரிடமோதான் உதவி கேட்க வேண்டும். 'ஐஸ்லாண்டிக் ரூட்ஸ்' போன்ற லாப நோக்கற்ற அமைப்புகள் இந்த இடைவெளியை நிரப்புகின்றன.

டிஎன்ஏ டெஸ்ட்டும் உதவும். ஆனால் சின்ன நாட்டில் பல தலைமுறைகளாகச் சொந்தங்கள் பின்னிக் கிடப்பதால், தூரத்து உறவுகூட நெருங்கிய உறவு போலக் காட்டலாம். ஆவணம் இல்லாமல் அதை மட்டும் நம்ப முடியாது.

தேடிப் போனவர்களுக்கு என்ன கிடைக்குது?

வடக்கு ஐஸ்லாந்தின் ஹோஃப்சோஸ் என்ற கடலோரக் கிராமத்தில் 1996ல் குடியேற்ற மையம் ஒன்று திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தோடு, முன்னோரைத் தேடித் தரும் உதவியும் அங்கே உண்டு. 1999ல் தொடங்கிய 'ஸ்னோரி' திட்டத்தில் வட அமெரிக்க இளைஞர்கள் ஐஸ்லாந்து வந்து, தாங்கள் அதுவரை பார்த்தே இராத உறவினர் வீட்டில் தங்குகிறார்கள்.

2016 கணக்கெடுப்பின்படி கனடாவில் ஐஸ்லாந்து வம்சாவளி என்று சொன்னவர்கள் 1 லட்சத்துக்கும் மேல். ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகையே இன்றும் 4 லட்சத்துக்குள்தான்.

பெயர் மாறிவிட்டது, மொழி போய்விட்டது. ஆனால் ஐஸ்லாந்தில் பல பண்ணைகளின் பெயர் நூற்றாண்டுகளாக அப்படியே இருக்கிறது. பாதிரியார் எழுதிவைத்த பெயரை இன்றைய மேப்பில் தேடினால், சில நேரம் அதே இடத்தில், அதே பெயரில் ஒரு வீடு நிற்கும். அந்தக் கதவைத் தட்டத்தான் இத்தனை தேடலும்.