சம்மாந்துறையும் களவெட்டியும்

சம்மாந்துறை என்ற பெயரில் நெல் இல்லை, ஓடம்தான் இருக்கிறது. சம்மான் என்னும் சிறு மரக்கலங்கள் வந்து தங்கிய துறை என்பதே பலரும் சொல்லும் விளக்கம். ஆனால் ஊரை வளர்த்தது வயல். 1626இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதை நமது வரலாற்றாசிரியர்கள் சலிக்காமல் எழுதிவிட்டார்கள். அரசன் இடம் கொடுத்தது ஏட்டில் உண்டு. காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்களின் கதையைக் களவெட்டியில்தான் தேட வேண்டும்.

உப்பட்டிகளைக் கட்டிச் சுமந்து சூடு வைத்து, எருமைகளை வளைத்துச் சூடடித்த இடம் அது. அங்கே நெல்லை நெல் என்று சொல்வதில்லை, பொலி என்பார்கள். வைக்கோலை உதறும் கம்புக்குப் பெயர் வேலைகாரன். அவுரியில் ஏறி நின்று தூற்றி முடிந்ததும் மரக்கால் வெளியே வரும். போடியாருக்கு எவ்வளவு, முல்லைக்காரனுக்கு எவ்வளவு, வயற்காரனுக்கு எவ்வளவு என்பதெல்லாம் பலர் பார்த்திருக்க அளக்கப்பட்டது. ஸக்காத்தும் அப்படித்தான். மழையில் விளைந்தால் பத்திலொன்று, செலவு செய்து நீர் இறைத்து விளைவித்தால் இருபதிலொன்று. ஏழைக்குத் தன் பங்கு எங்கே கிடைக்கும் என்பது தெரிந்திருந்தது. போடியார் எல்லோரும் நீதிமான்கள் என்று சொல்ல வரவில்லை. குறைத்து அளந்தாலும் நாலு பேர் கண்முன்னால்தான் குறைக்க வேண்டியிருந்தது.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. நம்மவர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டது. மழையையும் சிறு குளங்களையும் நம்பிக் கிடந்த வயல்கள் பலவற்றுக்குச் சிறுபோகமும் வாய்த்தது. நன்மைதான். ஆனால் மதகு திறக்கும் நாளைத் தீர்மானிக்கும் இடம் ஊரைவிட்டுத் தூரப் போயிற்று. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வட்டவிதானையின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுவை அமர்த்தியது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. பின்னர் யுத்தம். தூரத்து வட்டைகளுக்குப் போன விவசாயி பொழுது சாயுமுன் திரும்புவானா என்று வீடுகள் காத்திருந்த ஆண்டுகள் அவை.

யுத்தத்திலும் தப்பிப் பிழைத்த களவெட்டியை அறுவடை மெசின் சத்தமின்றி முடித்துவைத்தது. சத்தமின்றி என்றது ஒரு பேச்சுக்குத்தான். வெட்டுவதும் அடிப்பதும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன. வயலிலிருந்தே மூட்டைகள் ஆலைக்குப் போகின்றன. முதுகு ஒடிய அருவி வெட்டியவர்கள் அந்நாள் திரும்ப வேண்டுமென்று கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. ஆனால் சூடும் அவுரியும் போனபோது, பங்கை ஊரறிய அளந்த மரக்காலும் போய்விட்டது. இப்போது கணக்கு ஆலைக்காரரின் பற்றுச்சீட்டில் இருக்கிறது. ஸக்காத்து வீட்டுக்குள்ளே காசாகக் கணக்கிடப்படுகிறது.