இறக்கமும் இருக்கையும்: துவிச்சக்கரவண்டி ஆசனத்தின் வளர்ச்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அவற்றை இயக்கும் உறுப்புகளையே முதன்மைப்படுத்தியுள்ளனர். துவிச்சக்கரவண்டியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. சில்லு, சங்கிலி, ரயர் ஆகியன பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு ஆசனம் பற்றிப் பேசப்படவில்லை. ஆயினும், ஓட்டுபவனின் உடல் வண்டியைத் தொடும் இடங்கள் மூன்றே. கைக்குக் கைபிடி, காலுக்கு மிதி, உடற்பாரத்துக்கு ஆசனம் என்பன அவை. இவற்றுள் உடலின் நலத்தையும் நோவையும் நேரடியாகத் தீர்மானிப்பது ஆசனமே. எனவே ஆசனத்தின் வரலாறு என்பது, இயந்திரம் மனித உடலை எவ்வாறு மதித்தது என்பதன் வரலாறுமாகும்.

மலைச்சரிவிலே விரைந்திறங்கும் சைக்கிளோட்டத்துக்கு, நீடித்துழைப்பதும் உடலுக்கு இசைவானதுமான ஆசனத்தைத் தெரிவது எங்ஙனம் என்பது வெறுங் கடைத்தெரு வினாவாகத் தோன்றக்கூடும். ஆனால் அவ்வினாவுக்கான விடை இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவத்திலே தங்கியுள்ளது. சமதரையிலே மறைந்திருக்கும் ஆசனத்தின் குறைபாடு இறக்கத்திலே வெளிப்பட்டுவிடுகிறது. இறக்கமே ஆசனத்தின் உரைகல் என்பது இவ்வரலாற்றை நோக்குமிடத்துப் புலனாகும்.

1817ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜேர்மனியின் மான்ஹைம் நகரிலே கார்ல் வொன் டிராய்ஸ் என்பவர், ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இரு சில்லுகளையுடைய மரவண்டியொன்றைச் செலுத்திக் காட்டினார். அவ்வண்டிக்கு மிதிகள் இல்லை. அதில் அமர்ந்தவர் தம் கால்களால் நிலத்தை உந்தியே முன்னேறினார். ஆசனமோ மரச்சட்டத்தின்மீது பொருத்தப்பட்ட ஒரு சிறு மெத்தை. கால்கள் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தமையால் உடற்பாரம் முழுவதையும் அம்மெத்தை தாங்கவேண்டியிருக்கவில்லை. அதன் வசதியின்மையும் பெரிதாக உணரப்படவில்லை.

1860களிலே பாரிஸ் நகரில் மிஷோ பட்டறையின் வண்டிகள் பரவத் தொடங்கியபோது நிலைமை மாறியது. முன்சில்லிலே மிதிகள் பொருத்தப்பட்டன. கால்கள் நிலத்தைவிட்டு எழுந்தன. உடற்பாரத்தின் பெரும்பகுதி ஆசனத்தின்மீது இறங்கிற்று. மரச்சில்லும் இரும்புப் பட்டையும் கற்பாவிய தெருக்களிலே எழுப்பிய அதிர்வு நேராக முதுகெலும்பைத் தாக்கியது. அவ்வண்டிக்கு ஆங்கிலேயர் 'எலும்பாட்டி' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினர். உடல்நோவே ஒரு வண்டிக்குப் பெயராக அமைந்தமை குறிப்பிடத்தக்கது. அந்நோவைக் குறைக்கும் பொருட்டு, முன்னிருந்து பின்வரை நீண்ட உருக்குத் தகட்டு வில்லொன்றின்மீது ஆசனம் அமைக்கப்பட்டது.

1870களிலே தோன்றிய உயர்சில்லு வண்டிகள் ஆசனத்தை மற்றொரு சிக்கலுக்கு உள்ளாக்கின. மிதி நேராக முன்சில்லின் அச்சிலே பொருந்தியிருந்தமையால், சில்லு எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகங் கிடைத்தது. ஓட்டுபவனின் காலளவு இடந்தரும்வரை சில்லு பெருத்தது. சில்லின் உச்சிக்கு அருகே, ஏறத்தாழ அச்சுக்கு நேர்மேலே, ஆசனம் ஏற்றப்பட்டது. சமதரையிலே பெருமிதந் தந்த இவ்வுயரம் இறக்கத்திலே ஆபத்தாயிற்று. வழியில் ஒரு கல் தடுக்கினாலும், தடுப்பைச் சற்று அழுத்தமாகப் பிடித்தாலும், ஓட்டுபவன் கைபிடிக்கு மேலாகத் தலைகுப்புற வீசப்பட்டான். இதனாலேயே அக்காலத்தவர் பலர் இறக்கம் வந்ததும் கால்களைத் தூக்கிக் கைபிடிக்கு முன்னே போட்டுக்கொண்டனர். விழ நேர்ந்தால் தலை முந்தாமல் கால் முந்தட்டும் என்பதே அவர்கள் கணிப்பு. ஆசனம் மென்மையானதா என்பதைவிட, அது எங்கே அமைந்துள்ளது என்பதே உயிரைத் தீர்மானிப்பது என்னும் பாடத்தை இறக்கம் முதன்முதலாகப் புகட்டியது அப்போதுதான்.

இச்சிக்கலுக்கு 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ராலி இங்கிலாந்தின் கொவென்றியிலே வெளியிட்ட 'றோவர்' வண்டி விடைகண்டது. சங்கிலி பின்சில்லை இயக்கியமையால் சில்லுகளின் பருமன் குறைந்தது. ஆசனம் தாழ்ந்து இரு சில்லுகளுக்கும் இடையே வந்தமர்ந்தது. 1888இல் டன்லப் என்பவர் பெல்பாஸ்ற் நகரிலே காற்றடைத்த ரயரை உருவாக்கியபோது, அதுகாறும் ஆசனத்து வில் தனித்துச் சுமந்துவந்த அதிர்வின் பெரும்பங்கை ரயர் ஏற்றுக்கொண்டது.

இக்காலத்திலேயே தோலாசனமும் தன் நிலைபெற்ற வடிவத்தை அடைந்தது. பேர்மிங்காம் நகரிலே 1866இல் சேணமும் பிற தோற்பொருட்களும் செய்யத் தொடங்கிய ஜோன் பௌல்ற்பீ புறூக்ஸ், 1882இல் துவிச்சக்கரவண்டி ஆசனத்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். குதிரைக்குச் சேணஞ் செய்த கைகளே இயந்திரக் குதிரைக்கும் சேணஞ் செய்தன எனலாம். தடித்த மாட்டுத்தோல் ஒன்று, முன்னே ஒரு முனையிலும் பின்னே ஒரு வளைவுச் சட்டத்திலும் ஆணியறைந்து இழுத்துக் கட்டப்பட்டது. தோலுக்குக் கீழே மெத்தை எதுவுமில்லை. அது தொட்டில்போல் தொங்கி, அமர்பவனின் எலும்புமுனைகளுக்கேற்ப நாளடைவிலே குழிந்து அவனுக்கென்றே அமைந்துவிடும். தளர்ந்தால் முனையிலுள்ள திருகாணியை முறுக்கி இறுக்கிக்கொள்ளலாம். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்திலே இலங்கைக்கு இறக்குமதியான றலி முதலிய வண்டிகளோடு இவ்வகைத் தோலாசனங்களும் வந்துசேர்ந்தன.

இவ்வாசனத்தின் சிறப்பு அதன் நீடித்த உழைப்பு. ஆயினும் அவ்வுழைப்புக்கு ஒரு விலை இருந்தது. புதிய தோல் பழகும்வரை உடலே நோவைப் பொறுக்கவேண்டும். மேலும், அது மழையிலே நனைந்தால் நெகிழ்ந்து உருக்குலையும். ஆசனம் உடலுக்கு இசையுமுன் உடல் ஆசனத்துக்கு இசையவேண்டும் என்பது அக்காலத்தின் எழுதாச் சட்டம்.

அந்த உடல் யாருடையது என்ற வினாவும் இவ்விடத்து எழுகின்றது. நீண்டு குறுகிய முனையையுடைய ஆசனம் ஆணுடலையே அளவுகோலாகக் கொண்டிருந்தது. 1890களிலே பெண்கள் பெருந்தொகையினராகத் துவிச்சக்கரவண்டி ஓட்டத் தொடங்கியபோது மருத்துவருட் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆசனத்தின் முனை பெண்ணுடலுக்குத் தீங்கு விளைக்கும் என்றனர். ஒழுக்கத்தையும் அதனோடு தொடர்புபடுத்திப் பேசினர். ஆசனம் பொருந்தாவிட்டால் ஆசனத்தை மாற்றுவதே முறை. ஆனால் பெண்களை வண்டியிலிருந்து இறக்குவதே தீர்வு என அவர்களுட் பலர் கருதினர். உற்பத்தியாளரோ விற்பனை வாய்ப்பைக் கண்டனர். முனை குறுகியனவும், நடுவே பிளவுபட்டனவும், இரு தனி மெத்தைகளைக் கொண்டனவுமான ஆசனங்கள் அப்பத்தாண்டிலே சந்தைக்கு வந்தன. எலும்புமுனைகளே பாரத்தைத் தாங்கவேண்டும். அவற்றுக்கிடையேயுள்ள மென்பகுதி அழுத்தத்துக்கு உள்ளாகக் கூடாது என்னும் உண்மை அன்றே உணரப்பட்டிருந்தது. ஆயினும் அது நெடுங்காலம் பெண்களுக்கான தனிச் சலுகையாகவே கருதப்பட்டது. ஆண்களின் நரம்பும் குருதிக்குழாயும் அதே அழுத்தத்தால் பாதிக்கப்படுகின்றன என்பது 1990களில் மருத்துவ விவாதமாக எழுந்த பின்னரே நடுவில் குழியோ துளையோ உள்ள ஆசனம் பொதுவழக்காயிற்று. ஒரு சாராரின் குறையாக ஒதுக்கப்பட்டது மனிதவுடலின் பொதுத்தேவை எனத் தெளிவாவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்தன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இரசாயனக் கைத்தொழிலின் வளர்ச்சி ஆசனத்தையும் மாற்றியது. நைலோன் முதலிய பொருட்களாலான ஓடும், அதன்மேல் நுரைமெத்தையும், மெல்லிய உறையும் என ஆசனம் மூன்றடுக்காயிற்று. எடை குறைந்தது, மழைக்கு அஞ்சவேண்டிய நிலையும் நீங்கியது. பந்தயக்காரரே முதலில் இதனை ஏற்றனர்.

இந்நிலையிலேதான் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே இறக்கம் மீண்டும் வரலாற்றுள் நுழைந்தது. மரின் பகுதியின் தமல்பாயஸ் மலைச்சாரலிலே 1970களில் இளைஞர் சிலர் 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட, பிறரால் கைவிடப்பட்ட தடித்த ரயர் வண்டிகளை எடுத்துச் சென்று காட்டுத் தீத்தடுப்புப் பாதைகளிலே இறங்கி விளையாடினர். 1976 அக்டோபர் 21ஆம் நாள் அவர்களது முதலாவது போட்டி நிகழ்ந்தது. ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்திலே 1300 அடி இறங்கிய அப்பாதைக்கு 'றீபாக்' என்று பெயர். ஒருமுறை இறங்கினாற் பின்சில்லின் தடுப்பு சூடேறி அதிலுள்ள கிறீஸ் எரிந்துவிடும். மீண்டும் கிறீஸ் அடைத்தாலன்றி ஓட்ட முடியாது. அவ்வாறு 'மீள அடைத்தல்' என்பதே பெயராயிற்று. சார்ளி கெலி ஒழுங்குசெய்த அப்போட்டிகளிலே கரி பிஷர் 4 நிமிடம் 22 செக்கனில் இறங்கியமை முறியடிக்கப்படாத சாதனையாயிற்று.

அங்கே உயர்சில்லுக் காலத்தின் பழைய ஆபத்து புதிய உருவிலே எழுந்தது. ஏற்றத்திலே மிதிப்பதற்குக் கால் நன்கு நீளவேண்டும். ஆகவே ஆசனம் உயர்ந்திருக்கவேண்டும். இறக்கத்திலோ உயர்ந்த ஆசனம் ஓட்டுபவனைப் பின்னே நகரவிடாது முன்னே தள்ளும். எனவே ஒவ்வோர் இறக்கத்தின் தலைப்பிலும் நின்று, ஆசனத்தைத் தாழ்த்தி, அடிவாரத்திலே மீண்டும் உயர்த்துவது வழக்கமாயிற்று. 1984இல் ஜோ பிறீஸ், ஜோஷ் ஏஞ்செல் ஆகிய இருவரும் ஆசனத் தண்டிலே பொருத்தும் வில்லொன்றை அறிமுகப்படுத்தினர். பிடியைத் தளர்த்தி உடற்பாரத்தால் அழுத்த ஆசனம் தாழும். எழுந்தால் வில் அதனைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடும். கைபிடியிலுள்ள விசையால் உயர்ந்து தாழும் ஆசனத் தண்டுகள் இருபத்தோராம் நூற்றாண்டிலே பரவியதற்கு இதுவே முன்னோடி எனலாம். 1885இலே ஆசனம் பின்னகர்ந்தது. 1984இலே ஆசனம் அசையக் கற்றது. இரண்டையும் நிகழ்த்தியதில் இறக்கத்தின் அச்சத்துக்குப் பெரும்பங்குண்டு.

1990இல் கொலராடோ மாநிலத்து டுறாங்கோ நகரிலே நடைபெற்ற மலைச் சைக்கிளோட்ட உலக வீரர் போட்டியிலே மலையிறக்கம் தனிப் பிரிவாக இடம்பெற்றது. ஆண்களுள் அமெரிக்கரான கிறெக் ஹேர்போல்டும் பெண்களுள் கனடா நாட்டவரான சிண்டி டெவைனும் அதன் முதல் வெற்றியாளராயினர். பின்னர் சில்லுகளுக்கு 200 மில்லிமீற்றர் அளவு அசைவளிக்கும் அதிர்வுதாங்கிகள் வந்தன. அதிர்வைத் தாங்குவது ஆசனத்தின் கடமை என்னும் நிலை இவ்வாறு முற்றாக நீங்கிற்று.

இவ்வரலாற்றின் ஒளியிலே, மலையிறக்கத்துக்கான ஆசனத்தைத் தெரியும் முறை தெளிவாகின்றது. இறங்குபவன் பெரும்பாலும் மிதிகளின்மீது நிற்கிறான். ஆசனத்தில் அமர்வது அரிது. ஆசனம் அவனுக்கு இருக்கையன்று. தொடைகளால் தொட்டு வண்டியின் சாய்வை உணர்வதற்கும் திருப்புவதற்கும் உரிய மூன்றாவது கைபிடியே அது. எனவே பருத்த மெத்தை அவனுக்குத் தடையாகும். கடையிலே கட்டைவிரலால் அழுத்திப்பார்த்து மென்மையான ஆசனத்தை வாங்குவோர் பிழைவிடுவது இங்கேதான். பருத்த நுரை எலும்புமுனைகளின் கீழே அமுங்கி, அவற்றுக்கிடையே மேலெழுந்து மென்பகுதியையே அழுத்தும். குறுகிய உடலும், உடையிலே சிக்காத உருண்ட ஓரங்களும், அளவான மெத்தையுமே வேண்டற்பாலன. செங்குத்தான சரிவிலே ஆசனம் முன்சாய்ந்துவிடாதிருக்க முனையைச் சற்று மேல்நோக்கி அமைப்பர். ஏறுவதற்கும் மிதித்தே செல்பவராயின், தம் எலும்புமுனைகளுக்கிடையிலான தூரத்தை அளந்து அதற்கேற்ற அகலத்தைத் தெரிதல் அவசியம்.

உறுதியைப் பொறுத்தவரையிலும் கவனம் மேற்பரப்பிலன்றி அடியிலும் விளிம்பிலுமே செல்லவேண்டும். ஆசனம் தேய்ந்து அழிவதைவிட விழுந்து அழிவதே மலையில் மிகுதி. அடியிலுள்ள இரு தாங்குகம்பிகளே முதலில் வளைவன. குரோமியமும் மொலிப்டினமுங் கலந்த உருக்குக் கம்பி எடை கூடியதாயினும் முறியுமுன் வளைந்து எச்சரிக்கும். காபன் நாராலான கம்பி இலேசானது; ஆனால் வளைந்து காட்டாது திடீரென முறியக்கூடியது. விழும்போது நிலத்திலே உரசும் பின்மூலைகளில் கெவ்லார் போன்ற வலிய துணியுறை இருத்தல் நன்று. அதிர்வுதாங்கி முற்றாக அமுங்கும்போது தாழ்ந்த ஆசனத்தின் பின்புறத்தைப் பின்ரயர் தொடக்கூடுமாதலால், பின்புறம் நீளாத ஆசனமே பொருந்தும்.

வசதி என்பது மென்மையன்று. உறுதி என்பது தடிப்புமன்று. ஓட்டுபவனின் உடல் எத்தொழிலைச் செய்கின்றது என்பதே இரண்டையும் தீர்மானிக்கின்றது. டிராய்ஸின் மெத்தையிலும் புறூக்ஸின் தோலிலும் தொடங்கிய நெடும்பயணம், அமர்வதற்கன்றி விலகிநிற்பதற்கென்றே செய்யப்பட்ட ஓர் ஆசனத்திலே வந்து முடிந்துள்ளது. உடலைத் தனக்கேற்ப வளையச் சொன்ன கருவி, உடலுக்கு வழிவிடக் கற்றுக்கொண்டமையே இவ்வரலாறு உணர்த்தும் வளர்ச்சியாகும்.