கேட்கிறவனின் வானொலி

1

தமிழ்நாட்டில் சுதந்திர வானொலியின் சரித்திரத்தை எழுத உட்காருகிறவனுக்கு முதல் சங்கடம், அப்படி ஒரு சரித்திரம் இல்லை என்பது. நிலையங்களின் சரித்திரம் இருக்கிறது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கி, மூன்று வருஷத்தில் பணமில்லாமல் நின்றது. 1930இல் சென்னை கார்ப்பரேஷன் ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938இல் அகில இந்திய ரேடியோ சென்னைக்கு வந்தது, 1939இல் திருச்சிக்கு, 1963இல் திருநெல்வேலிக்கு. அந்த கிளப்பின் மூன்று வருஷத்தைத் தவிர்த்தால், இது ஆள்கிறவர்கள் பேசியதன் சரித்திரம். எதிரே உட்கார்ந்து கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதை யாரும் எழுதவில்லை. இங்கே சுதந்திர வானொலி என்று ஏதேனும் இருந்திருந்தால் அது கேட்டவர்களிடம்தான் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

விக்கிரமசிங்கபுரம் போன்ற ஓர் ஊரை வைத்து இதைப் பார்க்கலாம். பொதிகை அடிவாரம், தாமிரபரணி மலையை விட்டு இறங்குகிற இடம். ஹார்வி சகோதரர்கள் ஆற்றின் விசையை நம்பி 1880களில் இங்கே பஞ்சாலை வைத்தார்கள். இந்தியத் தந்திச் சட்டம் 1885இல் வந்தது. ஆக மில்லும் சட்டமும் ஒரே பத்தாண்டின் பிள்ளைகள். மில் சங்கு ஊருக்கு நேரம் சொன்னது. அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கம்பியிலோ காற்றிலோ செய்தி அனுப்பும் உரிமை அரசாங்கத்துக்கு மட்டும் என்றது சட்டம். ரேடியோ பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் கீழ்தான் ரேடியோ இந்த நாட்டில் பிறந்து, வளர்ந்து, கிழடும் ஆயிற்று. 1933இல் வந்த இன்னொரு சட்டத்தால் கருவியை வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டும் என்றாயிற்று. தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி, கேட்பதற்கு அனுமதி வாங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது.

2

இந்தச் சட்டத்தை மீறிய நிலையம் ஒன்று உண்டு. 1942 ஆகஸ்டில் தலைவர்கள் சிறைக்குப் போய், பத்திரிகைகள் தணிக்கையில் வாயடைத்துக் கிடந்தபோது, பம்பாயில் உஷா மேத்தா என்ற இருபத்திரண்டு வயது மாணவியும் நண்பர்களும் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். ராம் மனோகர் லோகியாவின் உதவி இருந்தது. கருவிகள் சிகாகோ ரேடியோ மோட்வானியிடமிருந்து கிடைத்தன. போலீஸ் தேடத் தேட வீடு மாற்றினார்கள். சிட்டகாங்கில் குண்டு விழுந்தது, ஜாம்ஷெட்பூரில் வேலைநிறுத்தம், சிமூர் கிராமத்தில் நடந்த கொடுமை என்று பத்திரிகைகள் அச்சிட முடியாத செய்திகளை அது சொன்னது. மூன்று மாதம்தான் ஆயுள். நவம்பர் 12ஆம் தேதி, உள்ளேயிருந்த ஒரு தொழில்நுட்ப ஆள் காட்டிக்கொடுத்துப் பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு வருஷச் சிறை.

இந்தக் கதையைச் சுதந்திர தினத்துக்குச் சுதந்திர தினம் நாம் சொல்லிக்கொள்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதில்லை. 1947இல் அதே காங்கிரஸ் அரசாங்கமாயிற்று. 1885ஆம் வருஷத்துச் சட்டம் ஓர் எழுத்து மாறாமல் அதன் கைக்கு வந்தது. அது திருப்பிக் கொடுக்கவில்லை. 1966இல் சந்தா கமிட்டி வானொலியைத் தனி ஸ்தாபனமாக்கச் சொன்னது. நெருக்கடி நிலை முடிந்தபின் 1978இல் வர்கீஸ் கமிட்டியும் வேறு வார்த்தைகளில் அதையே சொன்னது. பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறி, ஏழு வருஷம் தூங்கி, 1997இல் அமலுக்கு வந்தது. இந்த சர்ச்சைகள் எல்லாமே ஆகாசவாணிக்கு அரசாங்கத்திடமிருந்து எவ்வளவு விடுதலை என்பதைப் பற்றியவை. ஆகாசவாணி அல்லாத ஒருவன் பேசலாமா என்ற கேள்வி கிட்டத்தட்ட எழவே இல்லை.

3

பேச முடியாதவன் முள்ளைத் திருப்பினான். அதைத் தடுக்கச் சட்டத்தால் முடியவில்லை.

முதல் திருப்பம் சினிமாப் பாட்டுக்காக. 1952இல் செய்தி ஒலிபரப்பு மந்திரியான கேஸ்கர் சினிமாப் பாட்டு நாட்டின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவுசெய்தார். ஜனங்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். தென்கோடி ஜில்லாக்களில் இலங்கை வானொலி, சென்னை நிலையத்தைவிடத் தெளிவாகக் கேட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்ற பெயர்கள் திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொந்தக்காரர் பெயர்கள் மாதிரி ஆயின. 1957இல் விவித பாரதியைத் தொடங்கி அரசாங்கம் தோல்வியை ஒப்புக்கொண்டது. இதை வெறும் பொழுதுபோக்கு என்று நம் விமர்சகர்கள் தள்ளிவிடுவது தவறு. ஓர் அரசாங்கம் தன் ஜனங்களின் காதைப் பற்றி எடுத்த முடிவை, ஜனங்கள் யாரையும் கேட்காமல் ரத்துசெய்த சம்பவம் இது.

இரண்டாவது திருப்பம் செய்திக்காக. 1975 ஜூன் 25க்குப் பிறகு ஆகாசவாணி என்ன சொல்லும் என்பது சொல்வதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஜனங்கள் பி.பி.சி. பக்கம் போனார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழோசை கேட்பது தமிழ்நாட்டில் ஒரு சாயங்கால வழக்கமாகவே ஆயிற்று. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி இறந்துவிட்டதை பி.பி.சி. சொல்லிப் பல மணி நேரம் கழித்தே ஆகாசவாணி சொன்னது. பின்னால் மணிலாவிலிருந்து வேரித்தாஸ் தமிழ்ப்பணியும் ஈழச் செய்திக்காகக் கேட்கப்பட்டது. 'லண்டன்காரன் என்ன சொல்லுதான்?' என்று டீக்கடையில் கேட்பவர் உலக அரசியலில் விற்பன்னர் அல்ல. காலையில் டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்ஸ்வாமி வாசித்ததையும், கொழும்பு சொன்னதையும், லண்டன் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கே மௌனமாகிறது என்று பார்க்கத் தெரிந்தவர். அவ்வளவுதான்.

இந்த நிலையங்களில் ஒன்றாவது சுதந்திரமானதா? கொழும்பு அந்த நாட்டு அரசாங்கத்தின் வாய். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941இல், யுத்தத்தின் நடுவில், சாம்ராஜ்யத்தின் தேவைக்காகத் தொடங்கியது. அதற்குத் தமிழோசை என்று பெயர் வைத்த சோ. சிவபாதசுந்தரம் நமக்கு வேறு வகையிலும் தெரிந்தவர். சிட்டியோடு சேர்ந்து தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றை எழுதியவர். வேரித்தாஸ் திருச்சபையினுடையது. எல்லாவற்றுக்கும் எஜமானர்கள் இருந்தார்கள். ஆனால் எஜமானர்கள் வேறு வேறு. கேட்கிறவனுக்குக் கிடைத்த சுதந்திரம் இந்த வேற்றுமையிலிருந்து வந்தது.

ஃபிரான்ஸ் ஃபானன் 1959இல் வெளியான தன் புத்தகத்தில் அல்ஜீரியர்களின் ரேடியோவைப் பற்றி ஒரு நீண்ட அத்தியாயம் எழுதியிருக்கிறார். 1956 முடிவில் போராளிகளின் குரல் காற்றில் வந்ததும், அதுவரை ரேடியோவை அந்நியன் சாமான் என்று ஒதுக்கியிருந்தவர்கள் கடைகளைக் காலிசெய்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இரைச்சலைப் போட்டுக் குரலை மறைத்தார்கள். அறையில் ஒருவன் மட்டும் கருவியில் காதை வைத்துக்கொண்டு, கேட்டதையும் கேட்காததையும் சேர்த்து மற்றவர்களுக்குச் சொன்னான். செய்தியின் பாதி நிலையத்தில் தயாராயிற்று, பாதி அந்த அறையில். நம் டீக்கடையில் நடந்தது இவ்வளவு தீவிரமானதில்லை. நமக்கு உயிர் போகிற காரியமாக அது இருக்கவில்லை. ஆனாலும் ஜாதி ஒன்றுதான்.

4

இந்தக் கேட்பவனைப் புகழ்ந்து கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அவனுடைய சுதந்திரத்துக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தூரத்து விஷயங்களில் அவனை ஏமாற்றுவது கஷ்டம். பக்கத்து விஷயங்களில் அவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது நிலையம் கிடையாது. யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று லண்டன் தினமும் சொல்லும். சிங்கம்பட்டியில் என்ன நடந்தது என்று சொல்லாது.

1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூலி உயர்வும், சிறையிலிருந்தவர்களின் விடுதலையும் கேட்டுத் திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனது. மாஞ்சோலை இதே அம்பாசமுத்திரம் வட்டாரத்து மலை. போலீஸ் தடியடி நடத்தியது. ஜனங்கள் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட 17 பேர் செத்தார்கள். பத்திரிகைகள் எழுதாமல் இல்லை. விசாரணைக் கமிஷனும் வந்தது. ஆனால் ஆற்றில் இறங்கி ஏறியவர்களின் குரலை, அவர்கள் பேச்சிலேயே, அவர்கள் ஊரில் இருப்பவர்கள் அன்றிரவு கேட்பதற்கு ஒரு வழியும் இருக்கவில்லை. அந்த வருஷத்தில் இந்தியாவில் செய்தி சொல்ல அனுமதி பெற்ற வானொலி ஆகாசவாணி ஒன்றே. அந்தக் குரல்களைப் பதிவுசெய்தது ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' என்ற வீடியோப் படம். வீடியோ காமிராவுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

இதில் மொழியின் பிரச்னை ஒன்று இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அது முக்கியம். வானொலிச் செய்தித் தமிழ் ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தை வளர்த்தது. கூட்டம் கலைக்கப்பட்டது, நிலைமை கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. செய்தவன் வாக்கியத்தில் இல்லை. 'வெரட்டுனாங்க' என்று சொல்லும்போது அந்த 'ஆங்க' என்ற விகுதியில் ஆள் நிற்கிறான். வட்டார மொழி ஆகாசவாணியில் வராமல் இல்லை. விவசாய நிகழ்ச்சியில் வந்தது, நகைச்சுவையில் வந்தது. அந்த நிகழ்ச்சிகளின் பலத்தையும் குறைத்துச் சொல்லக் கூடாது. 1960களில் ஆடுதுறை 27 ரகத்தைத் தஞ்சாவூர் விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். தன் நிலத்தைப் பற்றித் தன் மொழியில் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆனால் உரத்தைப் பற்றிப் பேசத் தகுதி பெற்ற மொழி, கூலியைப் பற்றிப் பேசத் தகுதி பெறவில்லை.

பொலிவியாவில் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் கடைசியிலிருந்து தங்கள் கூலியில் ஒரு பங்கைப் போட்டுத் தங்கள் நிலையங்களைத் தாங்களே நடத்தினார்கள். இருபதுக்கு மேல் இருந்தன. 1980 ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவை ஒன்றோடொன்று சங்கிலியாக இணைந்து, ராணுவம் வந்து உடைக்கிறவரை பேசின. மில் ஊர்களின் தொழிலாளர்களுக்குச் சங்கம் உண்டு, வாயிற்கூட்டம் உண்டு, நோட்டீஸ் உண்டு. பொலிவியச் சுரங்கத்தானைவிட எழுத்தறிவும் குறைவாக இருந்திருக்காது. நிலையம் மட்டும் இல்லை. யாரும் கனவுகூடக் காணவில்லை என்பதுதான் சட்டத்தின் பெரிய வெற்றி.

5

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்பு சம்பந்தமான ஒரு வழக்கில், அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. அதன் விளைவாகச் சமுதாய வானொலி வந்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு முதல் நிலையம். 2006இல் தொண்டு ஸ்தாபனங்களுக்கும் கதவு திறந்தது. 2008 அக்டோபரில் ஆந்திராவின் மேடக் ஜில்லாவில், மாச்நூரில், தலித் பெண்கள் சங்கம் ரேடியோவைத் தொடங்கினார்கள். பாம்பனில் 2016இலிருந்து கடல் ஓசை மீனவர்களோடு காற்றைப் பற்றியும் கடலைப் பற்றியும் பேசுகிறது. இன்று நாடு முழுக்க ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. இவற்றைச் சிறிதென்று நினைக்கிறவன் நானல்ல. தன் பேச்சைத் தானே திரும்பக் கேட்ட ஒரு கிராமம் பழைய கிராமமாக இருக்காது.

ஆனால் விதியைப் பாருங்கள். 100 வாட் சக்தி, பத்து கிலோமீட்டர் சுற்றளவு. விக்கிரமசிங்கபுரத்தில் வைத்தால் பாபநாசமும் சிவந்திபுரமும் அம்பாசமுத்திரமும் கேட்கும், போதும். செய்தி கூடாது, அரசியல் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை வேண்டுமானால் திருப்பி ஒலிபரப்பலாம். மின்வெட்டு, குடிநீர், பரீட்சை முடிவு, வெள்ளம் ஆகியவை செய்தியல்ல என்று சலுகை கொடுத்திருக்கிறார்கள். ஆக இன்று தண்ணீர் வராது என்று சொல்லலாம். ஆற்றுத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் அது செய்தி. அதே ஊரில் டெலிவிஷன் பெட்டியில் இருபத்துநாலு மணி நேரமும் எத்தனையோ கம்பெனிகள் செய்தியும் கூச்சலும் விற்கலாம். செல்வந்தனின் செய்தியால் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடில்லை. பத்து கிலோமீட்டருக்குள் பேசுகிற மில் தொழிலாளியின் செய்தியால் கேடு. இதை எதிர்த்து 2013இல் காமன் காஸ் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தடை இன்னும் நீங்கவில்லை. 1885ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. அனுமதிக்கிற கை பழைய கைதான்.

இதற்கிடையே பழைய கேட்பவனும் போய்விட்டான். 2017 ஏப்ரல் 30 அன்று தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றது. சிற்றலை வைத்த பெட்டி கடைகளில் அபூர்வமாகிவிட்டது. கைபேசியில் ஆயிரம் குரல்கள் வருகின்றன. ஆனால் முள்ளைத் திருப்பினவன் தான் ஒப்புக்கொள்ளாத குரலையும் தேடிப் போய்க் கேட்டான். கைபேசியோ அவன் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதையே தேடிக் கொண்டுவந்து தருகிறது. 2024இல் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தலைமுறைகளாக வாழ்ந்த மலையை விட்டு இறங்கச் சொல்லப்பட்டார்கள். அடிவாரத்தில் இருப்பவர்கள் அதைச் சென்னையிலிருந்து வந்த அரை நிமிஷத் துண்டுகளில் பார்த்தார்கள்.

சிவஞான முனிவர் பிறந்தது விக்கிரமசிங்கபுரத்தில். அவருடைய உரைகளுக்காக அவரைக் கொண்டாடுகிறோம். அவர் எழுதிக் குவித்த மறுப்பு நூல்களுக்காகவும் கொண்டாட வேண்டும். ஒருவன் சொன்னதை வரிக்கு வரி எடுத்துவைத்து, இது இப்படி அல்ல என்று பதில் சொல்லும் மரபு இந்த ஊருக்குப் புதிதில்லை. ரேடியோ வந்த நாளிலிருந்து அந்த மரபுக்கு இடமில்லாமல் போயிற்று. ரேடியோ கேட்கவும் பேசவும் இரண்டுக்கும் பயன்பட வேண்டும் என்று பிரெக்ட் 1932இல் கேட்டார். நாம் நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்கத் தெரியும் என்று நிரூபித்தாயிற்று. பதில் சொல்லும் உரிமையை யாரிடமிருந்து வாங்குவது என்பதுதான் மிச்சம். அதைக் கேட்க வேண்டியவர்கள் பட்டியலில் எழுதுகிற நாமும் இருக்கிறோம்.