மூஞ்சி அதே, ஆள் வேற

இந்த எபிசோடில் ஒரு பயத்தோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். பேய், பிசாசு இல்ல. எதிர்ல இருக்கிறவர் அதே மூஞ்சி, அதே குரல், அதே நடை. ஆனா அவர் அவர் இல்லை. இந்தப் பயத்தை ஹாலிவுட் ஒரு மாதிரி எடுத்தது, நம்ம கோடம்பாக்கம் இன்னொரு மாதிரி எடுத்தது. வித்தியாசம் எங்கே இருக்குன்னு பார்க்கலாம்.

முதல்ல 1956. அமெரிக்காவில் ஒரு சின்ன பட்ஜெட் கறுப்பு வெள்ளைப் படம் வருது: 'இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாட்சர்ஸ்'. இயக்குநர் டான் சீகல். செலவு சுமார் 4 லட்சம் டாலர். அப்போதைய ஹாலிவுட் கணக்குக்கு அது ரொம்பக் கம்மி. பறக்கும் தட்டு கிடையாது, லேசர் துப்பாக்கி கிடையாது, பச்சை மனுஷன் கிடையாது. ஆள் உயரத்துக்குப் பெரிய பெரிய நெற்றுகள் மட்டும்தான். நீங்க தூங்கும்போது அந்த நெற்றுக்குள்ள உங்களை மாதிரியே ஒரு உடம்பு விளையும். விடிஞ்சா உங்க வீட்டில் அது நடமாடும். நீங்க இருக்க மாட்டீங்க.

படத்தில் வில்மான்னு ஒரு பெண். தன் மாமா ஐரா, மாமாவே இல்லைன்னு சொல்றா. டாக்டர் மைல்ஸ் போய்ப் பார்க்கிறார். முகம் சரி. குரல் சரி. பழைய ஞாபகம் எல்லாம் சரி. 'அப்போ என்னம்மா பிரச்சினை?' கண்ணில் இருந்த பாசம் இல்லை. அவ்வளவுதான் அவளோட புகார். நான் வேலை பார்க்கிற துறையில் ஒருத்தரை அடையாளம் காண இதைத்தான் செய்வோம்: முகம், குரல், ரகசியக் கேள்வி. மூணுலயும் அந்த மாமா பாஸ். சிஸ்டம் அவரை உள்ளே விட்டுடும். வில்மா மட்டும் விடமாட்டேங்கிறா.

அவளை மனநல மருத்துவர்கிட்ட அனுப்ப ஏற்பாடு நடக்குது. கொஞ்ச நாள்ல வில்மாவே வந்து, 'இப்போ எல்லாம் சரியாயிடுச்சு டாக்டர்'ங்கிற மாதிரி பேசறா. டாக்டருக்கு நிம்மதி. நமக்கு அப்புறம்தான் உறைக்குது: இப்போ பேசறது வில்மா இல்லை. புகார் தீரலை, புகார் சொன்ன ஆளையே மாத்திட்டாங்க. என்னைக் கேட்டா படத்திலேயே பயங்கரமான இடம் இதுதான். ஒருத்தர் கேள்வி கேட்கிறதை நிறுத்திட்டா பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைக்கிறது நம்ம வீட்டிலயும் ஆபீஸிலயும் தினமும் நடக்கிறதுதானே.

இந்தப் படத்துக்கு ரெண்டு விளக்கம் உண்டு. ஒரு தரப்பு, 'எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கும் கம்யூனிசத்தைப் பற்றிய பயம்'னு சொன்னது. இன்னொரு தரப்பு, செனட்டர் மெக்கார்த்தி காலத்தில் பக்கத்து வீட்டுக்காரனையே சந்தேகப்பட வெச்ச அமெரிக்காவைப் பற்றின பயம்னு சொன்னது. ரெண்டும் பொருந்துது. யார் கட்டாயப்படுத்தினாலும் ஒரே மாதிரி ஆகறது ஒரே மாதிரி ஆகறதுதான்.

சரி, நம்ம பக்கம் வருவோம். நான் அன்னவாசல்காரன். எங்க ஊரிலிருந்து பஸ் ஏறினா கொஞ்ச நேரத்தில் புதுக்கோட்டை. அந்தப் புதுக்கோட்டையில் 1916-ல் பிறந்தவர்தான் பி.யூ. சின்னப்பா. தமிழில் இரட்டை வேடம்னு பேசினா 1940-ல் வந்த 'உத்தம புத்திர'னில் அவர் நடிச்ச இரட்டை இளவரசர்களைச் சொல்லாமல் தொடங்க முடியாது. ஒரே முகம், ஒருத்தன் நல்லவன், ஒருத்தன் கெட்டவன். ஒருத்தன் இடத்தில் இன்னொருத்தன். 1958-ல் எம்.ஜி.ஆர். எடுத்த 'நாடோடி மன்ன'னிலும் மன்னன் இடத்தில் அதே முகமுள்ள நாடோடி உட்காருகிறான். ஆக, ஆள் மாறாட்டம் நமக்குப் புதுசே இல்லை. ஆனா அது நமக்குத் திகில் கிடையாது, திருவிழா.

'உத்தம புத்திரன்' எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், டி.ஆர். சுந்தரத்தோட கம்பெனி. அதே கம்பெனி 1952-ல் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 'த ஜங்கிள்'னு ஒரு படம் எடுத்தது. லிப்பர்ட் யாரு? 1950-ல் 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' என்ற விண்வெளிப் படத்தை 18 நாளில் சுட்டு முடிச்சு, பெரிய விளம்பரத்தோடு தயாராகிக்கிட்டிருந்த 'டெஸ்டினேஷன் மூன்' படத்தை முந்தி ரிலீஸ் பண்ணின ஆட்கள். சிக்கனத்துக்குப் பேர் போனவங்க. 'த ஜங்கிள்' படத்தில் அழிஞ்சுபோன மாமத் யானைகள் திரும்ப வரும். நம்ம ஊர் யானைக்கே மேல ரோமம் போர்த்தி மாமத் ஆக்கிட்டாங்க. தமிழில் அது 'காடு'. அதில் நம்ம எம்.என். நம்பியாரும் நடிச்சிருக்கார்.

அந்த நம்பியார்தான் 11 வருஷம் கழிச்சு வேற்றுக்கிரகவாசியா வர்றார். படம் 'கலை அரசி'. 1963 ஏப்ரல் 19. இயக்கம் ஏ. காசிலிங்கம். ககாரின் விண்வெளிக்குப் போய் ரெண்டு வருஷம்தான் ஆகுது. தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பினது அந்த வருஷம் நவம்பர் 21-ல். அதாவது ராக்கெட்டுக்கு ஏழு மாசம் முன்னாடியே எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகத்துக்குப் போயிட்டு வந்துட்டார்!

கதை இதுதான். அந்தக் கிரகத்தில் விஞ்ஞானம் ஏகமா வளர்ந்திருக்கு. ஆட்டம் பாட்டம்தான் வளரலை. அதைச் சொல்லித்தர ஆள் வேணும்னு பூமிக்கு வந்து, நல்லாப் பாடற வாணியைத் தூக்கிட்டுப் போறாங்க. வாணியா நடிச்சவர் பானுமதி. பூமியில் அவளை மாதிரியே இருக்கும் வள்ளின்னு ஒரு மனநிலை சரியில்லாத பெண், அதுவும் பானுமதிதான். காதலன் மோகன் எம்.ஜி.ஆர். அவன் அந்தக் கிரகத்துக்கே போய்ச் சேர்ந்து, தன் முகமே கொண்ட ஒரு கோமாளியோட இடத்தில் புகுந்துக்கிறான்.

கவனிச்சீங்களா? அமெரிக்கப் படத்தில் வேற்றுக்கிரகம் மனுஷன் இடத்தில் வந்து உட்காருது. நம்ம படத்தில் மனுஷன் வேற்றுக்கிரகத்தில் போய் உட்கார்ந்துக்கிறான். எங்க அப்பத்தா தலைமுறைக்கு இதில் பயப்பட ஒண்ணுமே இல்லை. கோமாளி வேஷத்தில் இருக்கிறது வாத்தியார்தான்னு திரைக்கு இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நம்ம இரட்டை வேடப் படங்களில் ஏமாறுவது ராஜா, மந்திரி, வில்லன். டிக்கெட் வாங்கினவன் ஏமாற மாட்டான்.

ஒரு விஷயத்தில் ரெண்டு படமும் ஒத்துப்போகுது. நெற்றிலிருந்து வந்தவங்க சொல்றது: காதல், துக்கம், ஆசை எதுவும் வேண்டாம், நிம்மதியா இரு. 'கலை அரசி'யின் வேற்றுக்கிரகவாசிகளோ எல்லாம் இருந்தும் பாட்டு இல்லையேன்னு கிளம்பி வர்றாங்க. ஒருத்தர் தூக்கிப் போடுவதை இன்னொருத்தர் திருட வர்றார். மனுஷன்கிட்ட இருக்கிற முக்கியமான சரக்கு எதுன்னு ரெண்டு படமும் ஒரே பதிலைத்தான் சொல்லுது.

2010-ல் 'எந்திரன்' வந்தப்போ இந்த ரெண்டு மரபும் ஒரே சீனில் சந்திச்சது. ஒரே முகமுள்ள ரோபோ கூட்டம். அதுக்குள்ள வசீகரன் ரோபோ மாதிரி நடிச்சு நுழையறார். சிட்டி கருப்பு ஆட்டைத் தேடுது. 1956 படத்திலும் இப்படி ஒரு இடம் உண்டு. மைல்ஸும் பெக்கியும் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் தெருவில் நடக்கிறாங்க. ஒரு நாய் லாரியில் அடிபடப் போகுது. பெக்கி தன்னை மறந்து கத்திடறா. மாட்டிக்கிறாங்க. அவளைக் காட்டிக் கொடுத்தது இரக்கம்.

இப்போ ஏன் இதைப் பேசறேன்? இன்னிக்கு ஒருத்தரோட சில நொடி ஆடியோ இருந்தா அவர் குரலைச் செய்துடலாம். முகத்தையும் செய்துடலாம். நம்ம சினிமா நம்மளை ஒரு சொகுசுக்குப் பழக்கியிருக்கு: மச்சமோ மீசையோ, எந்த வேஷம் யாருன்னு நமக்கு முன்கூட்டியே சொல்லிடும். ஆனா வாழ்க்கையில் நாம பார்வையாளர் சீட்டில் இல்லை, கதைக்குள்ள இருக்கோம். அங்கே நமக்குத் துணை வில்மா மாதிரி ஆட்கள்தான். எல்லா செக்கும் பாஸ் ஆன பிறகும் 'ஏதோ சரியில்லை'ன்னு சொல்றவங்க. உங்க வீட்டில், டீமில் அப்படி ஒருத்தர் இருந்தா, சொல்லி முடிக்கிறவரை கேளுங்க. குறிப்பா, அவர் திடீர்னு 'எல்லாம் சரியாயிடுச்சு'ன்னு சொன்னா, இன்னொரு தடவை கேளுங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். அதுவரைக்கும் நல்லாத் தூங்குங்க. நெற்று ஏதாவது கிடக்கான்னு கட்டிலுக்கு அடியில் மட்டும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.