பணக்கார வியாதி என்றொரு பழம்பெயர்

சர்க்கரை நோயைப் ‘பணக்கார வியாதி’ என்று சொல்லும் வழக்கம் நம் பக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. உழைத்து உண்பவரை அது அண்டாது என்னும் நம்பிக்கை அப்பெயருக்குள் உறங்குகிறது. அந்த நம்பிக்கை எவ்வாறு பொய்த்தது என்று தேடப் புகுந்தால், நம் சோற்றின் வரலாறே விரிகிறது.

நோய் புதிதன்று. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பழைய மருத்துவர்கள் கண்டிருந்தனர். மதுமேகம் என்ற பெயரே அதற்குச் சான்று. ஆயினும் 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை அறிந்த தலைமுறைகளுக்குப் பசியே பெருநோய். கம்பும் சோளமும் கேழ்வரகும் அன்றாட உணவாக, நெல்லுச்சோறு பண்டிகைக்குரியதாக இருந்த வீடுகள் கரிசல் நாட்டில் பல. 1948இல் மருத்துவர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லியில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கியபோது, சிற்றூர்களுக்கு அது தொலைதூரச் செய்தியே.

பின்னர் அரிசி வந்தது. நியாயவிலைக் கடையில் 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் கிடைத்தது. பசியை வென்ற இச்சாதனையைப் பழித்தல் நன்றிகேடு. ஆனால் சோறு பெருகிய அதே காலத்தில் உடலுழைப்பு சுருங்கியது. தமிழகச் சிற்றூர்களில் 1989இல் 2.4 விழுக்காடாக இருந்த சர்க்கரை நோய், 2003இல் 6.3 ஆனதை ஆய்வாளர் பதிவு செய்தனர். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழக அளவு 14.4. நாடு முழுவதும் வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினருக்கும், இரத்தக் கொதிப்பு 35.5 விழுக்காட்டினருக்கும் இருந்தன.

இவை தனித்தனி நோய்களல்ல, ஒரே கூட்டம் என்று 1988இல் விளக்கியவர் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன். இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு ஆகியவை மிகுதல், நல்ல கொழுப்பு குறைதல் என்னும் ஐந்தில் மூன்று இருந்தாலே அபாயம். சீனத்திலும் இதே கதை: 1959-61 பெரும்பஞ்சத்தில் கருவிலிருந்தோர், பிற்காலத்தில் வளமான உணவுக்கு மாறியபோது, இக்குறைகளுக்கு எளிதில் ஆளானதை அங்குள்ள ஆய்வுகள் காட்டின. ஒல்லியான இந்திய உடலுக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருப்பதைப் புனே மருத்துவர் யாஜ்னிக் எடுத்துக்காட்டினார். ஆகவே ‘நான் ஒல்லிதானே’ என்பது காப்பாகாது.

தளவாய்புரம் இன்று நைட்டி தைக்கும் ஊர். மோட்டார் பூட்டிய தையல் இயந்திரத்தில் கால் மிதிக்க வேண்டியதில்லை. பகல் முழுதும் அமர்ந்தே கழிகிறது. கூலி கணக்கில் உழைப்பு. உடல் கணக்கில் ஓய்வு. இவ்வூர்ப் பெண்களை எவர் பணக்காரர் என்பார்? பெயரை நம்பிச் சோதனைக்குப் போகாதவர், கண்ணோ சிறுநீரகமோ பழுதுற்ற பின்னரே நோயை அறிகிறார்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்று வாசலுக்கே வருகிறது. அதற்கும் முந்திய சோதனைக் கருவி தையற்காரர் கழுத்திலேயே தொங்குகிறது. நம்மவர்க்கு வகுக்கப்பட்ட இடுப்பளவு, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90; டேப்பில் ஏறத்தாழ முப்பத்தொன்றரை, முப்பத்தைந்தரை அங்குலம். ஊருக்கெல்லாம் அளவெடுப்போர் ஒருமுறை தமக்கும் எடுத்துப் பார்க்கலாம். பழம்பெயர் ஒழிய அது போதுமான தொடக்கம்.